அண்ணனுக்கு ப்ராஸ்டேட் கேன்சர், டாக்டர் விசாரிச்சது அம்மாவைப் பத்தி

கடைக்குட்டி:
பெரியண்ணனுக்கு 58 வயசு, ஒன்னுக்குப் போறதுல எந்தத் தொந்தரவும் கிடையாது, ஆபீஸ் செக்கப்ல பிஎஸ்ஏ (ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கிற ப்ராஸ்டேட் சுரப்பிக்காகப் பாக்கிற ரத்த டெஸ்ட்) கூடுதலா வந்துச்சு, அப்புறம் எம்ஆர்ஐ, பயாப்ஸின்னு போயி கேன்சர்னு உறுதியாயிடுச்சு. சிகரெட்டே தொடாத மனுஷனுக்கு எப்படின்னு நாங்க பேசிட்டிருக்க, யூராலஜிஸ்ட் அதுக்குள்ளயே போகல. "வீட்ல லேடீஸ் யாருக்காவது மார்பகம், சினைப்பைல கேன்சர் இருந்துச்சா?"ன்னார். அண்ணி என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அம்மா மார்பகப் புத்துநோய்ல 46 வயசுலயே போயிட்டாங்க, சித்திக்கு சினைப்பைல வந்துச்சு.

ஆம்பளைக்கு வர்ற நோய்க்கு அப்பா பக்கம் மட்டும் பாத்தா போதும்னுதான நாம எல்லாருமே நினைக்கிறோம்? அப்பாவுக்கோ கூடப்பொறந்தவனுக்கோ இருந்தா ரிஸ்க் ரெண்டு மடங்குக்கு மேல ஏறுதுங்கிறது உண்மைதான், ஆனா பிஆர்சிஏ2ன்னு ஒரு ஜீன் இருக்கு, டிஎன்ஏ உடைஞ்சா சரி பண்றதுதான் அதோட வேலை, அதுல பழுது இருந்தா பொண்ணுங்களுக்கு மார்பகம், சினைப்பைல வரலாம், பசங்களுக்கு ப்ராஸ்டேட்ல, அதுவும் சின்ன வயசுலயே, வேகமா பரவுற ரகமா. அம்மாகிட்ட இருந்தாலும் அப்பாகிட்ட இருந்தாலும் புள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு ரத்தத்துல டெஸ்ட் பண்ணாங்க, அந்தப் பழுது இருந்துச்சு. எனக்கும் இருக்கு. இந்த ஜீன்ல பழுது இருக்கிற ஆம்பளைங்க 40லயே பிஎஸ்ஏ பாக்க ஆரம்பிக்கணுமாம், எனக்கு 44, இப்போதைக்கு நார்மல்.

நைட் ஷிஃப்ட்:
எனக்கு ப்ராஸ்டேட் வீக்கம் மட்டும்தான், ராத்திரி நாலு தடவை எந்திரிப்பேன். இதுவே கேன்சரா மாறிடுமோன்னு பயந்தேன், டாக்டர் அது வேற இது வேறன்னுட்டார், ஆரம்பத்துல கேன்சர் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாதாம். ஒரு விஷயம், இந்த வீக்கத்துக்குக் குடுக்கிற ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிட்டா பிஎஸ்ஏ பாதியா குறைஞ்சு காட்டும், முடி கொட்டுறதுக்கு குடுக்கிறதும் இதே மருந்துதான், அதை சொல்லாம டெஸ்ட் எடுத்தா ரிப்போர்ட் பாத்துட்டு சும்மா நிம்மதியா இருப்போம்.

பழைய ஆள்:
என் மச்சான் ப்ராஸ்டேட்டுக்கு நல்லதுன்னு யாரோ சொல்லி தினமும் விட்டமின் ஈ மாத்திரை போட்டுட்டிருந்தான். 400 யூனிட் வீதம் தினமும் குடுத்துப் பாத்த பெரிய ஆராய்ச்சில ரிஸ்க் குறையல, 17 சதவீதம் கூடிருச்சுன்னு 2011லயே வந்தாச்சு. காட்டுனேன், நிறுத்திட்டான். உடம்பு எடை விஷயத்துலதான் இன்னும் காதுல வாங்க மாட்டேங்குறான், குண்டா இருந்தா வீரியமான ரகம் வர வாய்ப்பு ஜாஸ்தின்னு சொல்லியும்.

கடைக்குட்டி:
@நைட் ஷிஃப்ட் மாத்திரை மேட்டர் தெரியாது, தேங்க்ஸ். இப்ப வீட்ல ஓடுற பேச்சு அண்ணன் பொண்ணைப் பத்தி. அவளுக்கு 24. அண்ணி இப்ப சொல்ல வேணாங்கிறாங்க, பயந்துடுவாளாம். எனக்கு அதுல உடன்பாடில்ல, ஜீன்ல பழுது இருந்தா 25லயே மார்பகத்துக்கு எம்ஆர்ஐ ஆரம்பிக்கச் சொல்றாங்க, அதனால ஜெனிட்டிக் கவுன்சிலர்கிட்ட (பரம்பரையா வர்ற நோய் பத்தி ஆலோசனை சொல்றவர்) அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிருக்கேன், அண்ணனும் வர்றேன்னிருக்கார்.