ஹட்டன் வீட்டுக் குழு: உகண்டாவின் கம்பாலாவுக்குப் போகுமுன்

பெரிய மாமா: மருமகனே, கம்பாலாவும் நம்ம ஹட்டன் மாதிரி 1,200 மீட்டர் உயரந்தானாம். அங்க என்னத்துக்கு மலேரியா மாத்திரை?

சின்ன மாமி: உயரம் சரிதாண்ணே. ஆனா அங்க வருசம் பூரா மலேரியா இருக்கு, அதுவும் பெல்சிபேரம், ஆளைக் கொல்ற வகை. இலங்கைக்கு 2016ல மலேரியா இல்லாத நாடுன்னு சான்று கிடைச்சதால நமக்குத்தான் பயம் விட்டுப் போச்சு.

அண்ணா: அங்க மெக்கரேரே பல்கலைக்கழகத்துல ஒரு வருச ஒப்பந்தம் மாமி. எந்த மாத்திரை எடுக்க?

சின்ன மாமி: நாரஹேன்பிட்டி மலேரியா எதிர்ப்பு இயக்கத்துல இலவசமா குடுப்பாங்க. டொக்டர் பார்த்து முடிவு பண்ணட்டும். மெப்லோகுயின்னா வாரம் ஒண்ணு, 2-3 வாரம் முந்தியே தொடங்கணும். ஒத்துக்காட்டி இங்க இருக்கும்போதே தெரிஞ்சிடும். மனச்சோர்வு, வலிப்பு இருந்தவங்களுக்கு அது ஆகாது. டொக்சிசைக்ளின்னா தினம் 100 மில்லிகிராம், போக 1-2 நாள் முந்தி போதும். நிறைய தண்ணியோட குடிச்சிட்டு அரை மணி நேரம் படுக்காதீங்க, தொண்டைக்குழாய் புண்ணாகும். வெயிலும் சுடும்.

மதினி: திரும்பி வந்ததும் நிப்பாட்டலாமா மாமி?

சின்ன மாமி: கூடாது. இந்த ரெண்டும் ரத்தத்துல உள்ள கிருமியைத்தான் அடிக்கும். ஈரல்ல ஒளிஞ்சது பிறகு வெளிய வரும், அதனால இன்னும் 4 வாரம். எல்லாரும் விடுற இடம் இதுதான்.

சின்ன மாமி: வந்த பிறகு காய்ச்சல்னா டொக்டர்கிட்ட முதல் வார்த்தையே “உகண்டாவில இருந்து வந்தேன்”. சொல்லாட்டி டெங்குன்னுதான் பார்ப்பாங்க. மலேரியாவிலயும் பிளேட்லெட் குறையும், அங்கதான் ஏமாறுறது. ரத்தப் பூச்சு, அதாவது ரத்தத்தைக் கண்ணாடியில பூசி மலேரியாக் கிருமி தேடுற சோதனை, நெகட்டிவ்னாலும் 12-24 மணிக்கொரு தடவை, மொத்தம் 3 முறை பார்க்கச் சொல்லுங்க.

தங்கச்சி: அண்ணே, ஒப்பந்தம் முடிஞ்சா பல்கலைக்கழக லொகினும் போயிடும். வேணுங்கிற ஆய்வுக் கட்டுரைகளை முந்தியே டவுன்லோட் பண்ணி வைங்க.

அண்ணா: பிறகு காசு கட்டித்தான் படிக்கணுமா?

தங்கச்சி: இல்ல. ‘மலேரியா ஜேர்னல்’ யாருக்கும் இலவசம். மத்ததுக்கு முதல்ல பப்மெட் சென்ட்ரல், மருத்துவக் கட்டுரைகளை இலவசமா வச்சிருக்கிற இணையக் களஞ்சியம். அங்க இல்லாட்டி பிரவுசர்ல அன்பேவோல்ங்கிற இலவச நீட்சியைப் போடுங்க. பச்சைப் பூட்டு வந்தா சட்டப்படியான இலவசப் பிரதி எங்கயோ இருக்கு. அதுவும் இல்லாட்டி தலைப்பை மேற்கோள் குறிக்குள்ள போட்டு ஆசிரியரோட பல்கலைக்கழகக் களஞ்சியத்துல தேடுங்க, இல்ல நேரா அவருக்கே மெயில் போடுங்க. ஆனா மெட்ஆர்கைவ்ங்கிற தளத்துல கிடக்கிறது மத்த நிபுணர்கள் மதிப்பாய்வு செய்யறதுக்கு முந்தினது. மருந்தளவை அதுல பார்த்து எடுக்காதீங்க!

பெரிய மாமா: மஞ்சள் காய்ச்சல் ஊசியும் இருக்காமே?

சின்ன மாமி: பொரளை எம்ஆர்ஐ, அதாவது மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துல போடலாம், பிளேன் ஏற 10 நாளைக்கு முந்தியாவது. ஊசி போட்டதுக்கான அட்டை இல்லாட்டி உகண்டாவுக்குள்ள போறதும் கஷ்டம், திரும்பி வரும்போது கட்டுநாயக்கவுலயும் கேப்பாங்க. பாஸ்போர்ட்டோட சேர்த்தே வைங்க. மதினி, சின்னவனுக்கு எட்டு வயசாகல்லையே, அவனுக்கு டொக்சி வேணாம், தனியாக் கேளுங்க.