நிராகரித்த கட்டுரை வாடிக்கையாளர் தளத்தில் வெளியாகியிருக்கிறது, பணம் கேட்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். நிறுவனங்களிடம் ஆர்டர் வாங்கி எழுத்தாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு இந்தியத் தளத்தில் ஃப்ரீலான்ஸாக எழுதுகிறேன். ஈரோடு மஞ்சள் சந்தை பற்றி 1,500 சொல்லில் ஆங்கிலக் கட்டுரை கேட்டார்கள். விரலிக்கும் கிழங்குக்கும் விலை எப்படிப் பிரிகிறது என்று மண்டிக்காரர்களிடமே கேட்டு எழுதி, சொன்ன தேதிக்குள் கொடுத்தேன். மூன்று வாரம் சத்தமே இல்லை. அப்புறம் 'ஏஐ எழுதியது' என்று ஒரே வரியில் நிராகரிப்பு. விளக்கம் கேட்டால் தானியங்கிப் பதில்தான் வருகிறது. இப்போது பார்த்தால் வாடிக்கையாளரின் தளத்தில் அதே கட்டுரை, வேறு ஒருவர் எழுதியதாகப் பெயர் போட்டு. என்ன செய்யலாம்?

பதில் 1:
கோபமாக மெயில் போடுவதற்கு முன்னால் ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பக்கத்தை வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு சேமிக்கும் தளம்) சேமியுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கும். வரி வரியாக அடித்துத் திருத்தியது அதில் தெரியும். மண்டியில் பேசிய ஒலிப்பதிவு இருந்தால் இன்னும் நல்லது. ஏஐ சோதனைக் கருவியின் முடிவு மட்டும் ஆதாரமே அல்ல. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தன் சொந்தச் சோதனைக் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேல் ஏஐ எழுதியதாகத் தவறாகக் காட்டின அந்தக் கருவிகள். நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

பதில் 2:
தளத்தின் விதிமுறையில் உரிமை எப்போது கைமாறுகிறது என்று பாருங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஃப்ரீலான்ஸர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் பொதுவாக எழுதியவர்தான். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேட்டவர்:
'ஏற்றுக்கொண்டு பணம் செலுத்தியதும்' என்று இருக்கிறது. என்னிடம் உத்யம் பதிவும் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறது, போன வருஷமே எடுத்தது.

பதில் 2:
அப்படியென்றால் கட்டுரை இன்னும் உங்களுடையது. நிராகரித்தது உண்மை என்றால் அதை விற்றிருக்கக் கூடாது. விற்றது உண்மை என்றால் பணம் தர வேண்டும்.

பதில் 3:
உத்யம் வேலைக்கு முன்பே எடுத்தது உங்களுக்குப் பெரிய பலம். 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்தில், கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். உங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் என்ன போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. முதலில் பில்லோடு எழுத்தில் கேளுங்கள், உத்யம் எண்ணையும் இந்தச் சட்டத்தையும் அதில் குறிப்பிடுங்கள். பெரும்பாலும் இதற்கே கணக்குப் பிரிவு விழித்துக்கொள்ளும். இல்லையென்றால் சிறு தொழில்களின் பாக்கிப் புகாருக்கென்று எம்எஸ்எம்இ அமைச்சகம் நடத்தும் இணையதளத்தில் புகார் கொடுங்கள், அது இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் மாநிலக் குறு, சிறு தொழில் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. வாடிக்கையாளருக்கும் நேரடியாக எழுதலாமா? இனி வேலை தர மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
எழுதலாம், ஆனால் வாடிக்கையாளரை நேரடியாகத் தொடர்பு கொள்ளக் கூடாது என்று விதிமுறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம், நிராகரிப்பு பற்றித் தெரியாமலே இருக்கலாம். அதனால் குற்றம் சாட்டாமல், ஆதாரத்தை இணைத்து, தளம் பதில் தர ஒரு வாரம் விட்டு அனுப்புங்கள்.