கிளெய்ம் 'சக்சஸ்' என்கிறது, வாலட்டில் டோக்கன் இல்லை

வணக்கம். கால்பந்து முடிவுகளைக் கணித்து டோக்கன் வெல்லும் ஒரு பிளாக்செயின் தளத்தில் விளையாடுகிறேன். காசு கட்டுவது கிடையாது. பிரீமியர் லீக் ஆட்டங்களைச் சரியாகக் கணித்தால் பரிசு. சீசன் முடிந்ததும் சேர்ந்ததை மொத்தமாக கிளெய்ம் செய்தேன், அதாவது என் வாலட்டுக்கு மாற்றக் கேட்டேன். தளத்தில் இருப்பு பூஜ்யமாகிவிட்டது, வாலட்டிலும் ஒன்றும் வந்து சேரவில்லை.

நெட்வொர்க் பாலிகான் (செயின் ஐடி 137), வாலட் ஆண்ட்ராய்டில் மெட்டாமாஸ்க். கேஸ் (நெட்வொர்க்) கட்டணம் மட்டும் ஒழுங்காகக் கழிந்தது! பாலிகான் பரிவர்த்தனைகளைக் காட்டும் பாலிகான்ஸ்கேனில் என் பரிவர்த்தனை பச்சையாக 'சக்சஸ்' என்று நிற்கிறது. ஆனால் டோக்கன் கைமாறியிருந்தால் வரவேண்டிய 'ஈஆர்சி-20 டோக்கன்ஸ் டிரான்ஸ்ஃபர்ட்' வரி அதில் இல்லை. லாக்ஸ் பகுதியில் ஒரே ஒரு ஈவென்ட் (பதிவு): என் முகவரி, ஒரு தொகை, அப்புறம் ஒரு பத்து இலக்க எண். அந்த எண் யூனிக்ஸ் நேரம் (1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளில் எண்ணுவது) என்று நினைக்கிறேன்.

டோக்கனின் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் ஓடும் நிரல்) முகவரியை வாலட்டில் கையால் சேர்த்தேன், பூஜ்யம்தான். ஆர்பிசி (வாலட் நெட்வொர்க்கோடு பேசும் சர்வர்) மாற்றியும், கம்ப்யூட்டரில் திறந்தும் அதே கதை. தளத்துக்கு அனுப்பிய மெயிலுக்குப் பதில் இல்லை. டெலிகிராமில் கேட்டதும் 'சப்போர்ட்' என்று ஒருவர் தனிச்செய்தியில் வந்து 12 சொல் ரகசியத் தொடரைக் கேட்டார். பிளாக் செய்துவிட்டேன், அந்த யோசனை வேண்டாம்.

கிளெய்ம் கான்ட்ராக்டின் கோட் பாலிகான்ஸ்கேனில் வெரிஃபை ஆகியிருக்கிறது. அதன் மதிப்புகளைப் படிக்கும் 'ரீட் கான்ட்ராக்ட்' பக்கத்தில் எதைப் பார்த்தால், டோக்கன் என் முகவரிக்குப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா, எப்போது திறக்கும் என்று தெரியும்?