நிலவியல் களப்பயிற்சி: எல்லா மாணவரையும் அழைத்துச் செல்வது எப்படி?

கல்மரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருச்சிப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் நிலவியலைக் கற்பிக்கிறேன். பள்ளியில் படித்த புவியியலின் தொடர்ச்சி என்று நினைத்து எங்கள் துறைக்கு வந்து, முதல் வாரத்திலேயே கனிமப் பெயர்களைக் கண்டு திகைப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அந்தக் குழப்பம் ஒரு மாதத்தில் தெளிந்துவிடும். தெளியாமல் நிற்பது களப்பயிற்சிச் சிக்கல்தான்.

இவ்வாண்டு சாத்தனூர் கல்மரம் (கல்லாக மாறிய பழங்கால மரம்), காரை ஓடைகள், அரியலூர் அருகே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஆகிய இடங்களில் பத்து நாள் தங்கிப் பயிற்சி பெறத் திட்டமிட்டுள்ளோம். நான்கு மாணவியரின் பெற்றோர் இரவுத் தங்கலுக்கு இசையவில்லை. ஒரு மாணவர் ஊன்றுகோலின் துணையுடன் நடப்பவர். இருவர் செலவைக் காரணம் சொல்லாமலே பெயர் கொடுக்காமல் இருக்கிறார்கள். வர இயலாதவர்கள் நூலகத்தில் அமர்ந்து அறிக்கை எழுதித் தரலாம் என்பது நெடுநாள் வழக்கம். மதிப்பெண் கிடைத்துவிடும், ஆனால் பாறையைத் தொடாமலே ஒருவர் நிலவியல் பட்டம் பெறுவதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பழைய சுத்தியல்

அம்மா, முப்பது ஆண்டுகள் சுரங்கங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மாணவியரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், 46ஆம் பிரிவின்படி, நிலத்தடிச் சுரங்கப் பணியில் பெண்களை அமர்த்தத் தடை விதித்திருந்தது. தொழில்நுட்பம், மேற்பார்வை, மேலாண்மை ஆகிய பணிகளுக்கு அத்தடை தளர்ந்தது 2019ஆம் ஆண்டு அறிவிக்கையால்தான். இடைப்பட்ட காலமெல்லாம், வேலை இல்லாத படிப்புக்குப் பெண்ணை ஏன் அனுப்ப வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். பெண்களே வராத இடத்தில் கழிப்பறை எதற்கு என்று நிருவாகம் கேட்டது. இவ்விரு கேள்விகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றதை நேரில் கண்டவன் நான்.

பெற்றோரின் தயக்கத்தைப் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்கே தங்குவார்கள், கதவுக்கு உட்தாழ்ப்பாள் உண்டா, உடன் ஆசிரியை இருப்பாரா, பகலில் கழிப்பறைக்கு எங்கே போவார்கள் என்பவையே அவர்கள் மனத்தில் இருக்கும் கேள்விகள். முன்கூட்டியே போய்ப் பார்த்து, இவற்றுக்கு எழுத்தில் விடை கொடுங்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்து நிலவியலாளர் சுதிப்தா சென்குப்தா 1983இல் அண்டார்க்டிகாவுக்கே போய்வந்தார் என்பதையும் சொல்லலாம். ஆனால் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்ன பிறகு சொல்லுங்கள்.

தங்கலைக் கைவிட்டு, நாள்தோறும் போய்வரும் பயணமாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். பகலில் அளந்ததை மாலையில் ஒன்றுகூடி வரைபடத்தில் ஏற்றும்போதுதான் பாதிப் பாடம் நடக்கிறது. வீடு திரும்பும் மாணவி அதை இழப்பாள்.

கைவில்லை

ஊன்றுகோலுடன் நடக்கும் மாணவரைப் பற்றி: நாம் எதற்கு மதிப்பெண் தருகிறோம், ஏறுவதற்கா, பார்ப்பதற்கா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மூன்று வயதில் பார்வையை இழந்த ஹீரத் வெர்மெய் சிப்பி, நத்தை ஓடுகளை விரல்களால் தடவி ஆராய்ந்தே, பழங்கால உயிர்களை ஆராயும் தொல்லுயிரியலில் பெரும் பெயர் பெற்றார். ஓட்டின் தடிப்பையும் உடைந்து ஆறிய தழும்பையும் கொண்டு, வேட்டையாடிய உயிர்களுக்கும் இரையான உயிர்களுக்கும் இடையே நடந்த நெடிய போட்டியை அவர் விளக்கினார். கல்லங்குறிச்சியிலோ சிப்பி ஓடுகள் படுகை படுகையாக, அதாவது பாறை அடுக்குகளாகக் கிடக்கின்றன. அங்கே தொட்டுப் பார்ப்பதே எல்லா மாணவருக்கும் முதற்பயிற்சியாகட்டும்.

காரை ஓடைகள் வேறு கதை. அரித்த களிமண் சரிவில் நல்ல கால் உள்ளவரே வழுக்குவார்கள். ஆனால் மேல்விளிம்பில் நிற்பவருக்கே முழு நில அமைப்பும் கண்ணுக்குத் தெரியும். குறுக்கு வெட்டுப் படத்தை அங்கிருந்து வரைவதே நல்லது. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பத்து நாளும் அவரைக் குறிப்பெழுதுபவராகவே வைத்துவிட்டால், அது நூலக அறிக்கையின் இன்னொரு வடிவம்தான். வண்டி அருகே போகக்கூடிய சுரங்கத் தளத்தில் படுகையின் சாய்வை அவரே அளக்கட்டும், மற்றவர் எழுதட்டும். இயங்கும் சுரங்கமானால் மேலாளரிடம் முன் அனுமதி வாங்குங்கள். எதுவரை வண்டி போகும் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

வெங்கச்சங்கல்

நான் கல்லுடைக்கும் குடும்பத்திலிருந்து வந்தவன். முதலாண்டில் குவார்ட்ஸைக் காட்டிப் பெயர் கேட்டபோது ‘வெங்கச்சங்கல்’ என்றேன். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். அதன்பின் ஓராண்டு நான் வாய் திறக்கவில்லை. பெயர் கொடுக்காத அந்த இருவரிடமும், அவர்கள் ஊரில் எந்தக் கல்லுக்கு என்ன பெயர் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சுக்கான்கல்லும் செம்பாறாங்கல்லும் அவர்களுக்குப் பழக்கமாக இருக்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, முதலில் கட்டுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்ற ஏற்பாடு எங்களைப் போன்றவர்களுக்கு உதவாது. திருப்பித் தரும் பணத்துக்காக முதலில் கடன் வாங்க வேண்டியிருக்கும். சுத்தியல், கைவில்லை (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி), காலணி மூன்றையும் துறையே வாங்கி வைத்து எல்லாருக்கும் கொடுத்துத் திரும்பப் பெறட்டும். இல்லாதவர் மட்டும் கேட்டு வாங்கலாம் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கல்மரம்

மூவருக்கும் நன்றி. தங்கலைக் கைவிடப் போவதில்லை. வரும் சனிக்கிழமை ஓர் ஆசிரியையும் ஊன்றுகோலுடன் நடக்கும் மாணவரும் நானும் முன்கூட்டியே அரியலூர் போய்வருகிறோம். எந்த இடம் இயலும், எது இயலாது என்பதை அம்மாணவரே பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன். காரணிகள் பலவற்றை யோசித்த நான் அவரிடம் கேட்க யோசிக்கவில்லை என்பது, உங்கள் பதில்களைப் படித்த பிறகே உறைத்தது. அரியலூரில் உட்தாழ்ப்பாளும் நல்ல கழிப்பறையும் உள்ள, பத்து மாணவியர் தங்கக்கூடிய இடம் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.