பூநகரி தாண்டினால் மேப் நின்றுவிடுகிறது

மாதம் இரண்டு தடவை யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு ஏ32 வீதியால் தனியாகக் கார் ஓட்டிப் போகிறேன், 2015 வாகன்ஆர், நான்கு வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன். சங்குப்பிட்டிப் பாலம் வரை சரி. பூநகரி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நீலப் புள்ளி அசையாமல் நிற்கிறது, போனும் அடுப்பில் வைத்த சட்டி மாதிரிச் சூடு. போன கிழமை முழங்காவிலுக்குப் பிறகு பிழையான கிரவல் பாதைக்குள் இறங்கிவிட்டேன், இருட்டுப்பட்ட நேரம், வழி கேட்க ஒரு சனம் இல்லை.

ஓஃப்லைன் மேப் இறக்கிவிட்டேன் (ஜிபிஎஸ்சுக்கு டேட்டா தேவையில்லை என்று தெரியும்), பற்றரி சேவரை நிறுத்தினேன், கவரைக் கழற்றி ஏசி காற்றுப் படுகிற இடத்தில் மாட்டினேன். சார்ஜரைப் பிடுங்கினால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் மன்னார் போய்ச் சேரும் வரை பற்றரி தாங்காது.

சூட்டால் நிற்கிறதா, ஜிபிஎஸ்சே பழுதா, எப்படிப் பிரித்து அறிவது?