ரில், கல்லி: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஓசூர்ப் பக்கத்து உழவர்களுக்கான மண்வளக் கையேடு ஒன்றைப் பெங்களூரில் உட்கார்ந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஓடும் நீர் மண்ணை அரிப்பதைச் சொல்லும் இடத்தில் 'ரில்' (rill, நீர் ஓடிக் கீறும் சிறு தடம்), 'கல்லி' (gully, நீர் வெட்டிய ஆழமான தடம்) இரண்டிலும் சிக்கிக்கொண்டேன். சிற்றோடை அரிப்பு, ஓடை அரிப்பு என்று வைத்தால் சின்னது, பெரியது என்பதோடு முடிந்துவிடும். ரில் ஓர் உழவில் அழிந்துபோகும்; கல்லியில் ஏர் இறங்கவே முடியாது. அமெரிக்க ஆய்வாளர்கள் விஷ்மையரும் ஸ்மித்தும் 1965-இல் கையேடாகத் தந்த மண்ணிழப்புச் சமன்பாடுகூடப் பரப்பரிப்பையும் (மேல்மண் பரவலாக மெல்லிய படலமாகப் போவது) ரில்லையும்தான் கணக்கில் எடுக்கிறது, கல்லியை விட்டுவிடுகிறது.

எனவே ரில்லுக்குச் 'சாலரிப்பு'. பார்வைக்கும் உழவுச்சால் மாதிரிதான் இருக்கும். கல்லிக்குப் 'பள்ள அரிப்பு'. சரிதானா?

இன்னொன்று, 'அரிப்பு' என்றதும் சொறிவதுதான் நினைவுக்கு வருகிறது என்கிறார் நண்பர். 'தேய்வு' என்று மாற்றிவிடலாமா?

---

> சாலரிப்பு

தம்பி, இது வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே உழுத சால் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். உங்கள் கையேடும் எப்படியும் அதைச் செய்யத்தான் சொல்லும். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயரா? 'கீற்றரிப்பு' என்று வையுங்கள்.

> பள்ள அரிப்பு

நான் ஈரோட்டுக்காரி. எங்களுக்குப் பள்ளம் என்றாலே ஓடைதான். ஊருக்குள்ளேயே பெரும்பள்ளம் ஓடுகிறது. ஓடைக்கரை அரிப்பு என்றுதான் படிப்பார்கள். பெங்களூரில் கன்னடக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், 'கொரக்கலு' என்பார்கள். கொரெ என்றால் துளைப்பது, குடைவது. நடப்பதும் அதுதான். பள்ளத்தின் தலைமாட்டில் தண்ணீர் விழுந்து அடிமண்ணைக் குடையும், மேல்விளிம்பு சரியும், பள்ளம் மேட்டை நோக்கி ஏறிக்கொண்டே போகும். அதனால் 'குடைவரிப்பு'. வைத்தியமும் தலைமாட்டில்தான் தொடங்க வேண்டும்: மேலிருந்து வரும் நீரைத் திருப்பிவிட்டு, அப்புறம் உள்ளே படிப்படியாகக் கல் அடுக்கி வேகத்தைக் குறைப்பது. வேகம் இருமடங்கானால் நீரின் விசையாற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

> தேய்வு

உங்கள் நண்பர் அரிசி அரித்ததில்லை போலிருக்கிறது! தண்ணீரோடு அரிசி போகும், கல் தங்கும். பரப்பரிப்பிலும் அப்படியே, நுண்மண்ணும் மக்கும் முதலில் போகும், சரளை மிஞ்சும். இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

---

சரி அக்கா, சாலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கீற்றரிப்பு, குடைவரிப்பு இரண்டையும் ஏற்றிவிட்டேன். 'அரிப்பு' இருந்த இடத்திலேயே இருக்கிறது. சமமட்ட வரப்பில் (சரிவில் ஒரே மட்டமாகப் போடும் வரப்பு) சிக்கல் இல்லை. சரிவுக்குக் குறுக்கே நடும் வெட்டிவேர் வேலிக்கும் சொல் தேட வேண்டியதில்லை, ஆங்கிலமே அந்தப் பெயரை நம்மிடமிருந்துதான் வாங்கியது.

ஒன்று மட்டும் பாக்கி. குடைவுக்குள் அடுக்கும் அந்தச் சின்னக் கல்தடுப்பை என்ன சொல்வது? 'தடுப்பணை' என்று எழுதினால் ஆற்றில் கட்டும் சிமெண்ட் அணை என்று நினைத்து, அரசாங்கம் வந்து கட்டட்டும் என்று இருந்துவிடுவார்களே.