ஆறு தாண்டினால் ஜேர்மனி

குழு: மாமா வீட்டுச் சொந்தங்கள்

வத்சலா: நாளைக் காலை ரைன் ஆற்றின் இரு கரையிலும் சுவிஸ், ஜேர்மன் எனப் பிரிந்து கிடக்கும் லவ்ஃபன்பூர்க் ஊருக்குப் போகிறோம். ஜேர்மன் பக்கத்துக் கடையில் யாருக்கு என்ன வேண்டும்? இரவு 9 மணிக்குள் எழுதிவிடுங்கள்.

கபிலன்: எனக்கு 5 கிலோ ஆட்டிறைச்சி அக்கா.

வத்சலா: இறைச்சி ஆளுக்கு 1 கிலோதான் சுவிஸுக்குள் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். மேலே போனால் கிலோவுக்கு 17 பிராங் தீர்வை. உன் விருந்துக்கு நான் தீர்வை கட்டுவதா?

குணம் மாமா: சுவிஸில் வரி கட்டாமல் இருக்க, மொத்தச் சாமானும் ஆளுக்கு 150 பிராங்குக்குள் இருக்க வேண்டும் பிள்ளை. 2025 ஜனவரிக்கு முன்பு 300 ஆக இருந்தது. கடைக்குள் போனால் உனக்குக் கணக்கு மறந்துவிடும்.

வத்சலா: போன முறை வண்டிலில் சாக்லேட் அடுக்கியவர் யார் மாமா? சுவிஸில் இருந்துகொண்டு ஜேர்மனியில் சாக்லேட்!

நிலானி: நானும் வருகிறேன். பாலம் பார்க்க.

கபிலன்: பழைய கல் பாலமா?

நிலானி: அதுவும் அழகுதான். 1911இல் றொபேர்ட் மயார் என்ற சுவிஸ் பொறியியலாளர் கட்டியது. இப்போது அதில் கார் போவதில்லை. நான் பார்க்கப்போவது புதிய பாலத்தை. சுவிஸ்காரர் உயரத்தைப் பிரான்சின் மார்செய் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறார்கள், ஜேர்மன்காரர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து. வித்தியாசம் 27 சென்ரிமீற்றர்.

கபிலன்: அதை மறந்துவிட்டார்களா?

நிலானி: மறந்திருந்தால் 27 உடன் போயிருக்கும்! நினைவாகக் கணக்கில் எடுத்தார்கள், ஆனால் கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். பாலத்தின் இரு பக்கமும் உயரத்தில் 54 சென்ரிமீற்றர் விலகிவிட்டன. நல்லவேளை, கட்டி முடிப்பதற்குள் பிடித்துத் திருத்தினார்கள். 2004இல் திறப்பு.

குணம் மாமா: திட்டுவதென்றால் நெப்போலியனைத்தான் திட்ட வேண்டும். 1801 வரை இரு கரையும் ஹப்ஸ்பூர்க் அரச வம்சத்தாரின் ஒரே ஊர். ரைன் எல்லையானதால் வந்த வினை. ஊர் ஒன்றாக இருந்திருந்தால் கடலும் ஒன்றே போதும்.

நிலானி: கார்னிவலை இன்றும் இரு கரையும் சேர்ந்துதான் கொண்டாடுகிறார்கள் மாமா. பழைய மீனவர் சங்கத்தின் வழிவந்தவர்கள் நடத்துகிறார்கள், சங்கம் தொடங்கியது 1386இல் என்று சொல்லி!

குணம் மாமா: சல்மன் பிடித்துப் பிழைத்த ஊர் அல்லவா. அப்போது ஆறு அங்கே பாறை இடுக்கில் சீறிப் பாய்ந்தது. 1793இல் மொண்டேகு என்ற ஆங்கிலப் பிரபு சொல்வழி கேளாமல் அதில் படகு விட்டு மூழ்கிப்போனார். பிறகு மின் நிலையத்துக்காகப் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1914இலிருந்து மின்சாரம் வருகிறது, பாய்ச்சல் போய்விட்டது.

வத்சலா: சரி மாமா, உங்களுக்குச் சல்மன் வேண்டுமா, வேண்டாமா? மீன் அந்த 1 கிலோக் கணக்கில் வராது.

குணம் மாமா: வேண்டும். தோலோடு.

சுதா மச்சாள்: நானும் வருகிறேன். என்னிடம் இருப்பது சுவிஸின் தற்காலிகத் தங்கும் அனுமதியான எஃப் அனுமதி, அதை வைத்து அந்தப் பக்கம் போக முடியாது. சுவிஸ் பக்கத்துப் பழைய நகரில் கோப்பி குடித்துக்கொண்டு இருப்பேன்.

வத்சலா: அப்படியானால் முதலில் எல்லோரும் இந்தப் பக்கத்தில் கோப்பி குடிப்போம். பிறகு நானும் மாமாவும் மட்டும் கடைக்குப் போகிறோம். ஜேர்மன் விற்பனை வரியைத் திரும்பப் பெறும் பச்சைத் தாளில் ஜேர்மன் சுங்கத்தின் முத்திரை வாங்குவது மாமாவின் வேலை. பில் 50 யூரோவைத் தாண்டினால்தான் வரி திரும்பக் கிடைக்கும்.

கபிலன்: இரண்டே பேரென்றால் இறைச்சி 2 கிலோதானே! மாமா, உங்கள் 1 கிலோவை எனக்கு விட்டுத்தருவீர்களா?

குணம் மாமா: எடுத்துக்கொள், நான் விரதம். ஆனால் என் 150 பிராங்கில் யாரும் கை வைக்கக் கூடாது. அது சாக்லேட்டுக்கு.